அன்னாசிக்கு மட்டும் அகலமான கடல்

வட்டார வர்த்தக ஒப்பந்தத்தின் முதல் வரிக்குறைப்பு அமலுக்கு வந்த அன்று காலை, எதிர்நாட்டின் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு நகர்ந்து வந்திருந்தது. அதற்கு முந்தைய நாள் வரை அந்த நாட்டுக்குப் போக ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தது. துறைமுகத்தில் அதை முதலில் பார்த்தவர் சரக்குப் படகுக்காரர். பார்த்துவிட்டு, இனி டீசல் செலவு குறையும் என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அடுத்த ஆண்டின் வரிக்குறைப்பில் எதிர்க்கரையின் ஜன்னல்கள் தெரிந்தன. அதற்கடுத்த ஆண்டு கரை கூப்பிடு தூரத்துக்கு வந்து நின்றது. அங்கே ஒரு மாடிவீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் போடுகிற சண்டை இங்கே கேட்டது. இங்கே உள்ளவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி அந்தப் பெண்டாட்டிக்கு அவ்வப்போது யோசனை சொல்லி அனுப்பியது. பத்திரிகை இந்தச் செய்தியைக் காய்கறி விலைக்குப் பக்கத்தில் நான்கு வரியில் போட்டது. தலைநகரத்திலிருந்து வர்த்தகத் துறை அதிகாரி ஒருவர் வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, எல்லாம் ஒப்பந்தப்படியே நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. எதிர்க்கரையில் வெங்காயம் மலிவு. அது கூடை கூடையாக இந்தப் பக்கம் வந்து இறங்கியதும் இங்கே வெங்காயம் போட்டிருந்தவர்கள் கடல் பக்கத்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மிளகாய்க்காரர்களும் கயிறு திரிப்பவர்களும் நேர்மாறாக, எதிர்க்கரையைப் பார்த்தபடி புதிதாக ஜன்னல் வைத்துக்கொண்டார்கள். ஒரே கொத்தனார் இரண்டு வேலையையும் செய்தார். அந்த வருடம் நன்றாகச் சம்பாதித்தவர் அவர்தான்.

அன்னாசிப் பழத்தை அடுக்கி ஏற்றுமதி செய்கிற கொட்டகை ஒன்று துறைமுகச் சாலையில் இருந்தது. அதன் சொந்தக்காரியை ஊர் கொட்டகைக்காரி என்று அழைத்தது. வாட்டசாட்டமான பெண்மணி, காம்பு வெட்டுகிற கத்தி எப்போதும் இடுப்பில் இருக்கும். அவள் கணவரைக் கல்யாணத்தன்று யாரோ மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள், அது அப்படியே நின்றுவிட்டது. முடி நரைத்த பிறகும் அவர் மாப்பிள்ளைதான். மருத்துவமனைச் சீட்டில்கூட அப்படித்தான் எழுதினார்கள். கொட்டகையில் அவருடைய வேலை பழங்களின் கொண்டையைத் திருத்துவதும், வெயில், ஈ, விலை ஆகியவற்றைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வதும்.

அவர்களுடைய பழம் போனது எதிர்நாட்டுக்கு அல்ல. வெகுதூரத்தில், வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஒரு குளிர்நாட்டுக்குப் போனது. அங்கே ஒரு பழ வியாபாரி இருந்தார். முன்பு ஒரு முறை பெட்டி ஒன்றில் வைக்கோல் அதிகம், பழம் குறைவு என்று சண்டை போட அவரே கப்பலேறி வந்தார். பெட்டிகளில் வைக்கோல் வைத்தது கொட்டகைக்காரியின் தங்கை. சண்டை மூன்று நாள் நடந்தது. நாலாவது நாள் பெண் கேட்டார். தங்கை குளிர்நாட்டுக்குப் போனாள். அதன் பிறகு பெட்டிகள் குறைசொல்ல இடமில்லாமல் போய்ச் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவும் தங்கையும் போனில் பேசினார்கள். கப்பல் ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தது. வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்க்கரை கூப்பிடு தூரத்துக்கு வந்ததும் கொட்டகைக்காரியும் ஆசைப்பட்டாள். பக்கத்திலேயே வாங்குகிறவன் இருக்கும்போது பழத்தை எதற்காக ஒரு வாரம் கடலில் ஊறப்போட வேண்டும்? ஒரு படகு நிறைய அன்னாசியை ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினாள். மிளகாய் மூட்டையோடு போகிற படகுகள் டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தன. அவளுடைய படகு மத்தியானம் வரை ஓடியும் கரை வரவில்லை. வரவில்லை என்பதோடு, கண்ணிலேயே படவில்லை. நாலாபுறமும் கடல். படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு வானத்தையும் தண்ணீரையும் பார்த்தார், பிறகு பழங்களைப் பார்த்தார்.

“சரக்குலதான் ஏதோ இருக்கு,” என்றார்.

திரும்பி வந்து சோதித்துப் பார்த்தார்கள். விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. வெறுங்கையோடு நின்றால் எதிர்க்கரை கூப்பிடு தூரம். கையில் ஓர் அன்னாசியை எடுத்தால் அடிவானம் வரை கடல். மாப்பிள்ளைக்கு இது மிகவும் பிடித்துப்போய்விட்டது. பழத்தை எடுப்பதும் வைப்பதுமாகத் துறைமுகத்தில் நின்று, இப்போது இருக்கிறது, இப்போது இல்லை, இப்போது இருக்கிறது என்று வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். கொட்டகைக்காரி வந்து பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் ஓய்ந்தார்.

வர்த்தகத் துறை அதிகாரி அடுத்த முறை வந்தபோது விளக்கம் சொன்னார். அந்த நாட்டிலும் அன்னாசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் பேசும்போதே அவர்கள் போய்த் தங்கள் அமைச்சர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் பறித்தபடியே வருகிற புது அன்னாசியை மட்டும் வரிக்குறைப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். மிளகாய்க்குக் கடல் சுருங்கும், கயிற்றுக்குச் சுருங்கும், அன்னாசிக்குப் பழைய கடல்தான். இது எப்போது மாறும் என்று கொட்டகைக்காரி கேட்டாள். பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார் அதிகாரி. அவர் நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை; உண்மையிலேயே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரி, நமக்குக் குளிர்நாடு இருக்கிறது என்று அவள் பழைய வியாபாரத்துக்கே திரும்பியபோது, குளிர்நாடு விலகிப் போய்க்கொண்டிருந்தது. அன்னாசி விளைகிற வேறொரு நாடு குளிர்நாட்டோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, நடுக்கடலில் வந்து குறுக்கே நின்றுவிட்டது. இத்தனை காலம் வெறும் தண்ணீராக இருந்த இடத்தில் மலைகள் தெரிகின்றன என்று கப்பல்காரர்கள் வந்து சொன்னார்கள். அந்த மலைகளைச் சுற்றிக்கொண்டு போக முதலில் இரண்டு வாரம் ஆனது, பிறகு ஒரு மாதம், பிறகு அதற்கும் மேல். பழத்தின் கொண்டைகள் வழியிலேயே காய்ந்து சருகாயின. குறுக்கே நின்ற நாட்டின் பழங்களோ காலையில் பறித்தால் மத்தியானம் குளிர்நாட்டுக் கடையில் இருந்தன, அதுவும் வரியில்லாமல்.

தங்கை கணவரான பழ வியாபாரி கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். பிறகு போனில் கூப்பிட்டு, தொண்டையைச் செருமி, இனி அந்த நாட்டுப் பழத்தைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்று கொட்டகைக்காரியிடம் சொன்னார். வியாபாரம் அவளுக்கும் தெரியும். ஆனால் தங்கை தன் புருஷனோடு ஒரு மாதம் பேசவில்லை. கடையிலிருந்து அவர் கொண்டுவந்த அன்னாசியைச் சாப்பிடவும் இல்லை. அது சமையலறை மேடையில் தானாகவே பழுத்து, தானாகவே அழுகியது, கடைசியில் அவரே எடுத்து வெளியே கொட்டினார்.

தூரம் கூடியதும் குரலுக்கும் வழியில் நேரமாயிற்று. முதலில் எச்சில் விழுங்குகிற அளவு தாமதம். அடுத்த ஆண்டு ஒரு டீ குடித்து முடிக்கிற அளவு. அதற்கடுத்து, அக்கா ஞாயிறு காலை சாப்பிட்டியா என்று கேட்டால், சாப்பிட்டேன் என்ற பதில் திங்கட்கிழமை வந்தது. இருவரும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேள்விக்காகக் காத்திருக்காமல், அக்கா இந்நேரம் என்ன கேட்பாள் என்று யோசித்துத் தங்கை முதலிலேயே பதிலை அனுப்பினாள். சாப்பிட்டேன், இருமல் பரவாயில்லை, பனி இன்னும் நிற்கவில்லை, அவரோடு இப்போது பேசுகிறேன். அக்காவும் அப்படியே. இருவருடைய பதில்களும் நடுக்கடலில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயின. பெரும்பாலும் பொருந்தின. பொருந்தாத நாட்களில் கொட்டகைக்காரி பெட்டிகளை ஓசைப்பட அடுக்கினாள்.

இதற்கிடையில் கொட்டகை வெறிச்சோடியது. பழங்கள் தோட்டத்திலேயே கிடந்தன. அப்போது எதிர்க்கரையில் தகர டப்பா செய்து விற்கிற ஒருவர், இவள் தினமும் வெறுங்கையோடு வந்து நின்று தம் கரையை முறைப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வாயைக் குவித்துக் கூப்பிட்டார்.

“ஏம்மா, தோலோட எதுக்குக் கொண்டு வர்றீங்க? எங்க ஊர்ல முழுப் பழத்துக்குத்தான் வரி. உரிச்சு எடுத்துட்டு வாங்க.”

“உரிச்சா அழுகிடுமேங்க,” என்று இவள் கத்தினாள்.

“டப்பால போட்டா அழுகாது. டப்பா என்கிட்ட இருக்கு.”

அவர் சொன்னதில் அவருடைய ஆதாயம் இருந்தது. அதற்காக அது பொய்யாகிவிடாது. மறுநாள் கொட்டகைக்காரி படகில் உட்கார்ந்தபடியே ஒரு பழத்தை உரிக்கத் தொடங்கினாள். ஒரு கீற்றுத் தோல் விழுந்ததும் அடிவானத்தில் ஒரு கோடு தெரிந்தது. இன்னொரு கீற்று, கோடு கரையாகியது. பழத்தின் கண்களை நோண்டி எடுத்தாள், ஜன்னல்கள் வந்தன. துண்டு போட்டாள், மாடிவீட்டுச் சண்டை கேட்டது. கடைசித் துண்டை வெட்டும்போது படகு எதிர்க்கரையில் முட்டி, மாப்பிள்ளை பின்னால் சாய்ந்து விழுந்தார். டப்பாக்காரர் குனிந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார்.

அதன் பிறகு கொட்டகையில் அடுப்புகள் வந்தன. பழத்தை வட்டமாக வெட்டிச் சர்க்கரைப் பாகில் போட்டு, டப்பாவில் அடைத்துக் காய்ச்சினார்கள். முதல் சரக்கு ஒரு கயிறு வீசுகிற தூரத்தில் நின்றுவிட்டது. எவ்வளவு ஓட்டினாலும் அந்தக் கயிற்று நீளம் குறையவில்லை. விசாரித்ததில், பழம் உள்ளூர், டப்பா எதிர்க்கரை, சர்க்கரைதான் ஒப்பந்தத்தில் சேராத ஏதோ ஒரு நாட்டிலிருந்து மலிவாக வாங்கியது என்று தெரிந்தது. உள்ளூர்ச் சர்க்கரைக்கு மாறினார்கள். விலை கூடுதல், எறும்பும் கூடுதல் என்று மாப்பிள்ளை குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் சரக்கு போய் முட்டியது. இரண்டு வருடத்தில் துறைமுகச் சாலை முழுக்கப் பாகு வாசனை அடித்தது. செருப்பு தரையில் ஒட்டிக்கொண்டு சத்தம் போட்டது. வேலைக்குப் போகாமல் இருந்த பெண்கள் எல்லாம் கையுறை போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள். ஜன்னலை அடைத்திருந்த வெங்காயக்காரர்களில் சிலரும் அன்னாசி நட்டு, செங்கலைப் பெயர்த்தார்கள். கொத்தனார் மறுபடி சம்பாதித்தார்.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளைக்குக் குடலிறக்கம் என்று சொல்லி அறுவை சிகிச்சை செய்தார்கள். கொட்டகைக்காரி மருத்துவமனைத் தாழ்வாரத்திலிருந்து தங்கைக்குப் போன் செய்து, அத்தானை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள், பயமாக இருக்கிறது என்றாள். அவள் பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொன்னவள் அல்ல. அந்தக் குரல் புது மலைகளைச் சுற்றிக்கொண்டு தங்கையிடம் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளைக்குத் தையல் பிரித்து, அவர் வீட்டுக்கு வந்து, பத்தியச் சாப்பாட்டில் உப்பில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டார். நல்லபடியாக முடிந்தது என்ற இரண்டாவது போன் மேலும் சில நாள் கழித்தே அங்கே போனது. நடுவில் இருந்த நாட்களில் தங்கை நலமாக இருக்கிற ஒரு மனிதருக்காக அழுதாள். அந்த அழுகையும் இங்கே தாமதமாகத்தான் வந்தது. மாப்பிள்ளை இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டிருந்தபோது போன் மணி அடித்தது. எடுத்தவர் தனக்காகவே தங்கை தேம்புவதைக் கடைசிவரை கேட்டார். பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, அன்று முழுவதும் எதைப் பற்றியும் குறை சொல்லவில்லை.

கொட்டகைக்காரி அந்த வாரம் வர்த்தகத் துறை அதிகாரியைத் தேடித் தலைநகரத்துக்கே போனாள். புது அன்னாசியைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர், பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தொடங்கினார். அவள் கையை அசைத்து நிறுத்தினாள். “அது கிடக்கட்டும் சார். குளிர்நாட்டுலேர்ந்து நம்ம நாட்டுக்கு வர்ற பொருள்ல எதுக்காவது வரியே இல்லாம இருக்கா?”

அதிகாரி இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் யோசித்தார். முன்பு ஒரு முறை நோய் வந்து நாட்டில் உருளைக்கிழங்கெல்லாம் அழுகியபோது, விதைக்கிழங்குக்கு மட்டும் வரியை எடுத்துவிட்டார்கள். திரும்பப் போட எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. இங்கிருந்து அங்கே போவதில் துடைப்பத்துக்கு வரியில்லை, அந்த நாட்டில் துடைப்பம் கட்டுகிறவர்களே கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டாவதை அவள் கேட்டுக்கொண்டாள், திருப்பிக் கேட்கவில்லை. ஊருக்கு வந்ததும் தங்கைக்குப் போன் செய்தாள்.

“விதைக்கிழங்கு கொஞ்சம் மடியில கட்டிக்கிட்டுக் கப்பல் ஏறுடி. மத்த எதையும் எடுக்காத.”

அந்தச் செய்தி போய்ச் சேர எவ்வளவு காலம் ஆனதோ அவ்வளவு ஆனது. ஒரு காலை கொட்டகையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தபோது, தடித்த கம்பளிக் கோட்டு போட்ட ஒரு பெண் மடியில் மூட்டையோடு வாசலில் நின்றாள். விடிந்த பிறகு புறப்பட்டதாகவும், கப்பலில் கொடுத்த காபியைக் குடிக்கக்கூட நேரமில்லை என்றும் சொன்னாள். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. அக்கா அவளைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பாகு முறுகிவிடும் என்று அதைக் கிண்டி இறக்கி வைத்துவிட்டு வந்துதான் கட்டிக்கொண்டாள். இருவர் கையிலும் பாகு ஒட்டிக்கொண்டதால் பிரிவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. ஒரு மாதம் கழித்து போன் அடித்தது. நாளைக்குக் கிளம்பறேன்க்கா என்றது தங்கையின் குரல். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைதான் எடுத்து, நல்லது, பத்திரமாக வாம்மா என்றார்.

தங்கை கொட்டகை வேலையில் இறங்கிவிட்டாள். டப்பாவில் வளையங்களை அவள் அடுக்குகிற முறையில் ஒரு வளையம் கூடுதலாகப் பிடித்தது. அக்காவும் தங்கையும் பாகுப் பதத்தைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். கேட்டதற்கு உடனே பதில் கிடைப்பதால் சண்டை வேகமாக நடந்தது. எதிர்க்கரையின் மாடிவீட்டுக்காரர்கள் தங்கள் சண்டையை நிறுத்திவிட்டு இதைக் கேட்டார்கள். குளிர்நாட்டிலிருந்து பழ வியாபாரியின் பழைய குரல்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. முதலில் சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டார். பிறகு, கிடைத்துவிட்டது என்றார். பிறகு, வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது என்றார். அதைக் கேட்ட அன்று தங்கை, திரும்பிப் போக மடியில் எதைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அக்காவிடம் விசாரித்தாள். அதிகாரி லீவில் இருக்கிறார் என்றாள் அக்கா. சில நாள் கழித்து மறுபடி கேட்டபோது, அவருக்கு மாற்றலாகிவிட்டது என்றாள்.

ஒரு நாள் கொட்டகைத் தரையெல்லாம் தோல் கிடந்தது. பெருக்கலாம் என்று தங்கை துடைப்பத்தைத் தேடினாள். கொட்டகையில் இல்லை. வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இருந்தது, தேய்ந்துவிட்டது என்றார்கள். கடைக்காரர், துடைப்பம் வந்து ரொம்ப நாளாயிற்று என்று சொல்லிவிட்டுத் தராசைத் துடைக்கத் தொடங்கினார். அவள் திரும்பி வந்து மாப்பிள்ளையிடம், “அத்தான், இந்த ஊர்ல ஒரு துடைப்பம்கூடக் கிடையாதா?” என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு மூன்று காரியங்கள் வராது: நீச்சல், கணக்கு, பொய். அவர் பரணைப் பார்த்தார். அங்கே ஊரிலிருந்த துடைப்பமெல்லாம் கட்டுக் கட்டாக, சாக்கு போட்டு மூடிக் கிடந்தன.

தங்கை பரணைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். கொட்டகைக்காரி முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“துடைப்பம்தான்னு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“சீசன் முடிஞ்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

தங்கை ஈரச் சாக்கு ஒன்றை எடுத்துத் தரையில் போட்டு, காலால் தள்ளித் தள்ளித் தோல்களை ஒரு மூலைக்குக் கொண்டுபோனாள். குனிந்து அள்ளிக் கூடையில் போட்டாள். இரண்டாவது தடவை தள்ளிக்கொண்டு வரும்போது, “சீசன் எப்ப முடியும்?” என்று கேட்டாள்.

“இந்த வருஷம் லேட்டாகும் போலத் தெரியுது.”

“சரி,” என்றாள் தங்கை.

சீசன் அந்த வருடம் உண்மையாகவே தாமதமாகத்தான் முடிந்தது. கடைசிச் சரக்கு ஏறிய மறுநாள் அவள் தோளில் ஒரு துடைப்பத்தைச் சாத்திக்கொண்டு கப்பலேறி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தாள். புருஷன் அடுக்களையில் அவளுக்கும் சேர்த்து ஒரு தட்டு வைத்திருந்தார், தினமும் வைத்தாராம். அடுத்த சீசனுக்கு இருவருமாக வந்தார்கள். புது அன்னாசியைப் பற்றிய பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது. மாற்றலாகாத அந்த அதிகாரி அதே நாற்காலியில் இருந்து பேசிக்கொண்டிருக்கிறார். துறைமுகத்தில் டிக்கெட் கொடுப்பவர் எந்த ஊருக்கு என்று கேட்பதை நிறுத்திவிட்டு, கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டு அதற்கேற்ப நேரம் சொல்கிறார். வருடா வருடம் வந்து சேர்ந்த விதைக்கிழங்கை என்ன செய்வது என்று தெரியாமல் மாப்பிள்ளை கொட்டகைக்குப் பின்னால் நட்டு வைத்தார். அந்த மண்ணில் உருளைக்கிழங்கு வராது என்று எல்லாரும் சொன்னார்கள். வந்தது. கிழங்கு சின்னதாக இருக்கிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.